பதினாறு செல்லும் நாற்பத்தையாயிரம் செல்லும்: பெரிய மின்சேமிப்பு நிலையத்துக்கு பேட்டரி செல் தேர்ந்தெடுப்பது எப்படி?

குளச்சல் பக்கம் ஐஸ் பிளான்ட் வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சி, தன் அலுவலக அறைக்கும் விளக்குகளுக்குமாக சோலார் போட்டு, கூடவே ஒரு பேட்டரிப் பெட்டியும் செய்து வைத்தார். 280 ஏஎச் (ஆம்பியர் மணி, செல்லின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) லித்தியம் செல் 16, ஒன்றன்பின் ஒன்றாக இணைத்தது. மொத்தம் 14 யூனிட் மின்சாரம் பிடிக்கும். செல்கள் மலிவாகக் கிடைத்தவை. ஏழெட்டு மாதம் நன்றாகவே ஓடியது. அப்புறம் ஒருநாள், திரையில் 40 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று நின்றது. மறுநாளும் அப்படியே. என்னைக் கூப்பிட்டார். மல்டிமீட்டரை எடுத்துப் போய் ஒவ்வொரு செல்லாகப் பார்த்தேன். பதினைந்து செல் 3.2 வோல்ட்டில் நிற்கின்றன. ஒன்பதாவது செல் மட்டும் லோடு கொடுத்ததும் 2.5 வோல்ட்டுக்குச் சரிந்துவிடுகிறது.

“பதினாறுல ஒண்ணுதானே தம்பி போச்சு? மிச்சம் பதினஞ்சும் நல்லாத்தானே இருக்கு. அதை வச்சு ஓடக் கூடாதா?” என்று கேட்டார்.

நியாயமான கேள்வி. பெரிய மின்சேமிப்பு நிலையத்துக்கு செல் தேர்ந்தெடுக்கும் வேலையில் பாதி இந்தக் கேள்விக்குள் இருக்கிறது. வரிசையாக இணைத்த செல்களில் ஒரே மின்னோட்டம்தான் எல்லாவற்றின் வழியாகவும் போகும். கால்வாயில் ஓர் இடம் குறுகிவிட்டால் மற்ற இடமெல்லாம் எவ்வளவு அகலமாக இருந்தும் கடைமடைக்கு அந்தக் குறுகிய இடம் விடுகிற தண்ணீர்தான் போய்ச் சேரும். அதுபோல, பலவீனமான செல் முதலில் காலியாகிறது. அதற்கு மேலும் இழுத்தால் அது கெட்டுப்போகும் என்பதால் காவலுக்கு இருக்கும் பிஎம்எஸ் என்ற மின்னணுப் பலகை மொத்தப் பெட்டியையும் நிறுத்திவிடுகிறது. சார்ஜ் ஏற்றும்போதும் கொள்ளளவு குறைந்த அந்த செல்தான் முதலில் நிரம்பும். உடனே ஏற்றமும் நிற்கும். பதினைந்து நல்ல செல்களில் மின்சாரம் மிச்சம் கிடக்கும், ஆனால் எடுக்க முடியாது.

பதினாறு செல்லுக்கே இந்தப் பாடு. இப்போது உலகமெங்கும் மின் நிலையங்களுக்குப் பக்கத்தில் வைக்கப்படும் பேட்டரி கன்டெய்னர்களை எடுத்துக்கொள்வோம். 20 அடி நீளப் பெட்டி. இன்று பரவலாக வரும் வகையில், 314 ஏஎச் செல்கள் 416ஐ ஒரே வரிசையாக இணைக்கிறார்கள். அந்த வரிசையின் வோல்ட்டேஜ் சுமார் 1,331. அப்படிப் பன்னிரண்டு வரிசைகள். மொத்தம் 4,992 செல், ஏறத்தாழ 5,000 யூனிட். நாளுக்கு 5 யூனிட் செலவாகும் வீடுகள் ஆயிரத்துக்கு ஒரு நாள் மின்சாரம் ஒரே பெட்டியில் அடங்குகிறது. ஒரு நிலையத்துக்கு இப்படி ஒன்பது பெட்டி வாங்கினாலே 45,000 செல் ஆகிவிடும். அத்தனையும் ஒன்றுபோல இருக்க வேண்டும். அதைவிட முக்கியம், அத்தனையும் ஒன்றுபோல வயதாக வேண்டும்.

இதெல்லாம் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு எதற்கு என்று கேட்பவர்கள், ஆனி ஆடி மாதங்களில் ஒருமுறை இரவில் ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் போய்ப் பார்க்கலாம். தென்மேற்குக் காற்று மேற்கு மலைகளின் இடைவெளிக்குள் நெருக்கிக்கொண்டு நுழைந்து முப்பந்தல் பக்கம் சீறும். இந்தியாவின் மிகப் பெரிய காற்றாலைத் தொகுதிகளில் ஒன்று அங்கேதான் இருக்கிறது. இரவு இரண்டு மணிக்கும் இறக்கைகள் சுற்றிக்கொண்டே இருக்கும். ஆனால் அந்த நேரத்தில் ஊர் தூங்குகிறது, மின்தேவை குறைவு. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் எல்லா வீட்டிலும் விளக்கும் மின்விசிறியும் அடுப்படி மிக்சியும் ஓடும்போது சூரிய ஒளி மின்சாரம் வற்றியிருக்கும், காற்றும் நம் சொல் கேட்டு அடிக்காது. இருக்கும் நேரத்தில் பிடித்து, தேவைப்படும் நேரத்தில் விட ஓர் இடம் வேண்டும். கோவை மாவட்டம் கடம்பாறையில் 400 மெகாவாட் நிலையம் தண்ணீரைத் திரும்ப மேலே ஏற்றி வைத்து இதைத்தான் செய்கிறது. அதற்கு மலையும் இரண்டு நீர்த்தேக்கமும் வேண்டும். பேட்டரிக்கு ஒரு சமதளமும் துணை மின்நிலையமும் போதும்.

ஒரு தப்பான எண்ணத்தை இங்கேயே நீக்கிவிட வேண்டும். ஆடிக் காற்றைப் பிடித்து மாசி மாதத்துக்கு வைத்துக்கொள்ளலாமே என்று பலர் ஆசையோடு கேட்கிறார்கள். பேட்டரி அந்த வேலைக்கானது அல்ல. வருஷத்துக்கு ஒரே ஒருமுறை நிரம்பி ஒரே ஒருமுறை காலியாகும் பேட்டரிக்குப் போட்ட காசு எந்தக் காலத்திலும் திரும்பாது. தினமும் நிரம்பி தினமும் காலியாக வேண்டும். அப்போதுதான் ஒவ்வொரு யூனிட்டுக்கும் ஆகும் செலவு தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கும். ஆகவே நாம் பேசுவது இரண்டு மணி நேரத்துக்கோ நான்கு மணி நேரத்துக்கோ மின்சாரம் தரும் சேமிப்பைப் பற்றி.

இந்த மணிக்கணக்குதான் செல் தேர்வின் முதல் படி. நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். குளம் எவ்வளவு தண்ணீர் பிடிக்கும் என்பது ஒரு கணக்கு, மடை எவ்வளவு வேகமாக விடும் என்பது வேறு கணக்கு. பேட்டரியில் குளத்தின் கொள்ளளவு மெகாவாட் மணி. ஒரு மெகாவாட் மணி என்றால் ஆயிரம் யூனிட். மடையின் அகலம் மெகாவாட். 10 மெகாவாட், 40 மெகாவாட் மணி என்று ஒரு நிலையத்தைச் சொன்னால், முழு வேகத்தில் திறந்தால் நான்கு மணி நேரத்தில் காலியாகும் என்று பொருள். செல்லின் பாஷையில் இதைக் கால் சி என்பார்கள். இரண்டு மணி நேரத்தில் காலியானால் அரை சி. ஒரு மணி நேரம் என்றால் ஒரு சி.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம், செல்லைச் செய்யும்போதே அது வேகமான மடைக்கானதா, பெரிய குளத்துக்கானதா என்று முடிவாகிவிடுகிறது. செல்லுக்குள் அலுமினியத் தகட்டிலும் செம்புத் தகட்டிலும் வேதிப்பொருளைப் பூசியிருப்பார்கள். பூச்சு மெல்லியதாக இருந்தால் லித்தியம் அயனிகள் சட்டென்று உள்ளே போய் வெளியே வரும், வேகமாக மின்சாரம் தரும். பூச்சு தடித்தால் அதே பெட்டிக்குள் அதிக மின்சாரம் அடங்கும், ஆனால் அயனிகள் ஆழத்துக்குப் போய்வர நேரமாகும். நான்கு மணி நேர நிலையத்துக்கென்று செய்த தடித்த பூச்சு செல்லைக் கொண்டுபோய் ஒரு மணி நேரத்தில் காலி செய்தால் அது சூடாகும், சீக்கிரம் தேயும். மின்னோட்டத்தை இரண்டு மடங்காக்கினால், உள்தடையில், அதாவது செல்லுக்குள்ளேயே இருக்கும் மின்தடையில், பிறக்கும் சூடு நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல்தான். அதனால் செல் விற்பவரிடம் விலையைக் கேட்பதற்கு முன், நம் நிலையம் எத்தனை மணி நேரத்தில் காலியாகும், நாளுக்கு எத்தனை முறை என்ற இரண்டையும் நாம் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் கேட்கும் விலைக்கு அர்த்தமே இல்லை.

சரி, எந்த வேதியியல்? இன்று நிலத்தில் நிற்கும் பெரிய சேமிப்புக்கு அநேகமாக எல்லோரும் போய்ச் சேரும் பதில் எல்எஃப்பி, அதாவது லித்தியம் இரும்பு பாஸ்பேட். ஒரு செல் 3.2 வோல்ட். இதன் கதையில் நம் பக்கத்துக்காரர் ஒருவர் இருக்கிறார் என்பதை எப்போதும் பெருமையாகச் சொல்வேன். தென் தமிழ்நாட்டில் அமரபுரம் என்ற சிற்றூரில் பிறந்து, மதுரையிலும் பிறகு சென்னை ஐஐடியிலும் படித்த ஆறுமுகம் மந்திரம், 1980களில் லித்தியம் பேட்டரி ஆராய்ச்சியின் முன்னோடி ஜான் குட்இனஃபுடன் சேர்ந்து ஆராய்ச்சி செய்தவர். இரும்புச் சேர்மங்களில் சல்ஃபேட் போன்ற அயனித் தொகுதிகள் இருந்தால் வோல்ட்டேஜ் உயரும் என்று அவர்கள் காட்டினார்கள். அந்தப் பாதையில்தான் 1997இல் குட்இனஃபின் டெக்சாஸ் ஆய்வுக்குழு எல்எஃப்பியை வெளியிட்டது. 2019இல் குட்இனஃபுக்கு நோபல் பரிசு கிடைத்தபோது, ஸ்டாக்ஹோமில் அவர் சார்பில் நோபல் உரை நிகழ்த்தியவரும் மந்திரம்தான்.

எல்எஃப்பிக்குப் போட்டியாக இருந்தது என்எம்சி. நிக்கல், மாங்கனீஸ், கோபால்ட் கலந்தது. ஒரு கிலோ எடையில் எல்எஃப்பியைவிட அதிக மின்சாரம் பிடிக்கும். காருக்கு அது பெரிய லாபம், எடையைச் சுமந்துகொண்டு ஓட வேண்டுமே. சேமிப்பு நிலையம் எங்கேயும் ஓடப்போவதில்லை. கான்கிரீட் மேடையில் இருபது வருஷம் நிற்கப்போகிற பெட்டிக்கு எடை ஒரு பிரச்சினையே அல்ல. அங்கே வேண்டியது நீண்ட ஆயுள், குறைந்த விலை, தீப்பிடிக்கும் ஆபத்து குறைவு. இந்த மூன்றிலும் இரும்பு பாஸ்பேட் முந்துகிறது. விலையேறிய நிக்கலும் கோபால்ட்டும் அதில் இல்லை. பாஸ்பரஸும் ஆக்சிஜனும் அதில் இறுக்கமாகப் பிணைந்திருப்பதால், செல் அளவுக்கு மீறிச் சூடானாலும் உள்ளிருந்து ஆக்சிஜன் எளிதில் வெளியேறாது. என்எம்சியில் சூடு ஏறினால் ஆக்சிஜன் வெளியேறி, எரிவதற்கு வேண்டியதைத் தானே கொடுக்கும்.

2025 ஜனவரியில் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மாஸ் லேண்டிங்கில் 300 மெகாவாட் நிலையம் ஒன்று பற்றி எரிந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களை வீடுகளிலிருந்து வெளியேற்ற வேண்டியிருந்தது. அதிலிருந்தவை என்எம்சி செல்கள், அதுவும் ஒரே பெரிய கட்டடத்துக்குள் அடுக்கியவை. இதைப் படித்துவிட்டு எல்எஃப்பி என்றால் தீயே வராது என்று சிலர் விற்கிறார்கள். அது பொய், ஆபத்தான பொய். எல்எஃப்பி செல் மிஞ்சிச் சூடானால் ஹைட்ரஜனும் மற்ற எரிவாயுக்களும் வெளியேறி, மூடிய பெட்டிக்குள் சேரும். ஒரு பொறி போதும், வெடிக்கும். 2021 ஏப்ரலில் பெய்ஜிங்கில் ஓர் எல்எஃப்பி நிலையம் வெடித்ததில் தீயை அணைக்கப் போன இரண்டு வீரர்கள் இறந்துபோனார்கள். ஆகவே செல் வாங்கும்போது யூஎல் 9540ஏ என்ற சோதனையின் அறிக்கையைக் கேட்டு வாங்க வேண்டும். ஒரு செல்லை வேண்டுமென்றே கெடுத்து, தீ பக்கத்து செல்லுக்குத் தாவுகிறதா, என்ன வாயு எவ்வளவு வருகிறது என்று அளந்து எழுதியிருப்பார்கள். அந்த அறிக்கையில் தேர்ச்சி, தோல்வி என்று எதுவும் இருக்காது. எண்கள்தான் இருக்கும். பெட்டிகளுக்கு நடுவே எவ்வளவு இடைவெளி, வாயு வெளியேற எவ்வளவு பெரிய திறப்பு என்பதையெல்லாம் அந்த எண்களை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ‘எங்களிடம் சான்றிதழ் இருக்கிறது’ என்று ஒரு தாளை மட்டும் காட்டினால் போதாது.

மற்ற வேதியியல்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வீட்டு இன்வெர்ட்டரில் இருக்கும் ஈய அமில பேட்டரி அவசரத்துக்கு நல்லது, எப்போதாவது கரண்ட் போகும்போது உதவும். தினமும் ஆழமாகக் காலி செய்தால் சில வருஷத்தில் முடிந்துவிடும். சோடியம் அயனி செல் வளர்ந்துகொண்டிருக்கிறது. சோடியத்துக்குப் பஞ்சமில்லை, நம் கோவளம், புத்தளம் உப்பளங்களே சாட்சி. சீனாவில் பெரிய அளவில் நிறுவியும் இருக்கிறார்கள். குளிரைத் தாங்குவது அதன் பெரிய பலம், அந்தப் பலம் நாகர்கோவிலுக்குத் தேவைப்படாது. வனேடியம் திரவ பேட்டரி தொட்டிகளில் திரவத்தை நிரப்பி ஓடுவது. தீப்பிடிக்காது, நெடுநாள் வரும், ஆனால் போட்ட மின்சாரத்தில் லித்தியத்தைவிடக் குறைவாகவே திருப்பித் தரும், விலையும் அதிகம்.

இனி அளவு. சில வருஷங்களுக்கு முன்பு 280 ஏஎச் செல்தான் எல்லா இடத்திலும். தடித்த அகராதி ஒன்றை நிமிர்த்தி வைத்ததுபோல இருக்கும்: 174 மில்லிமீட்டர் அகலம், 72 மில்லிமீட்டர் கனம், 20 சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் அதிகமான உயரம், ஐந்தரைக் கிலோ எடை. உள்ளே 0.9 யூனிட். அதே வெளி அளவில், உள்ளே இன்னும் நெருக்கி அடைத்து 314 ஏஎச் வந்தது. ஒரு செல்லுக்கு ஒரு யூனிட், கணக்குப் போட வசதி. இப்போது 500 ஏஎச்சுக்கு மேலான செல்களும் வரத் தொடங்கிவிட்டன. செல் பெரிதாக ஆக எண்ணிக்கை குறையும், இணைப்புகள் குறையும், பெட்டிச் செலவு குறையும். மறுபக்கம், பெரிய செல்லின் நடுவில் பிறக்கும் சூடு வெளியே வர அதிக தூரம் பயணப்பட வேண்டும். ஒரு செல் கெட்டால் வெளிப்படும் வாயுவும் அதிகம். என் கருத்தைக் கேட்டால், நம்மைப் போன்ற வெப்பமான, ஈரமான ஊரில் முதல் நிலையம் அமைப்பவர்கள் புத்தம் புதிய பெரிய செல்லை வாங்கிச் சோதனை எலியாகக் கூடாது. நான்கைந்து வருஷம் பல இடங்களில் ஓடிக் காட்டிய அளவை எடுப்பது நல்லது.

எல்லா விளம்பரத்திலும் பெரிய எழுத்தில் இருப்பது சைக்கிள் கணக்கு. 6,000, 8,000, 10,000 என்று போட்டிருக்கும். ஒருமுறை நிரம்பிக் காலியாவது ஒரு சைக்கிள். நாளுக்கு ஒன்று என்றால் 15 வருஷத்துக்கு 5,475 சைக்கிள். நாளுக்கு இரண்டு என்றால் 10,950. அப்போ நாளுக்கு ஒன்றுக்கு 8,000 போதுமே என்று தோன்றும். கீழே சின்ன எழுத்தைப் படிக்க வேண்டும். அந்த எண் 25 டிகிரி வெப்பத்தில், மெதுவான வேகத்தில், செல்லை இரண்டு பக்கமும் இறுக்கிப் பிடித்து, ஆய்வகத்தில் எடுத்ததாக இருக்கும். எதில் முடிகிறது என்பதும் வேண்டும்: கொள்ளளவு 80 சதவீதமாகக் குறையும் வரை 8,000 என்றால் நல்ல செல், 60 சதவீதம் வரை என்றால் அது வேறு செல். இரண்டு விற்பனையாளர்கள் ஒரே எண்ணைச் சொன்னால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது.

செல் தேய்வதைக் குளத்தில் தூர் படிவதோடு ஒப்பிடலாம். குளம் அதே இடத்தில்தான் இருக்கும், கரையும் அதே கரைதான், ஆனால் பிடிக்கும் தண்ணீர் வருஷா வருஷம் குறையும். ஒரு வித்தியாசம், குளத்தைத் தூர்வாரலாம், செல்லைத் தூர்வார முடியாது. பயன்படுத்தாமல் சும்மா வைத்திருந்தாலும் தூர் படியும். நிறையச் சார்ஜோடு வெயிலில் வைத்திருந்தால் இன்னும் வேகமாகப் படியும். வெப்பம் 10 டிகிரி கூடினால் தேய்மானம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது தொழிலில் இருப்பவர்கள் கையில் வைத்திருக்கும் குத்துமதிப்பு. அதனால் 25 டிகிரிக் கணக்கோடு நிறுத்தாமல், 35 டிகிரியிலும் 45 டிகிரியிலும் எடுத்த தேய்மான வளைகோட்டைக் கேளுங்கள். தரத் தயங்குபவரிடம் நான் வாங்க மாட்டேன்.

இதைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். ஆரல்வாய்மொழிப் பக்கம் ஒரு துணை மின்நிலையத்தில் 10 மெகாவாட், நான்கு மணி நேரம் தரும் நிலையம் வைப்பதாக வைத்துக்கொள்வோம். தர வேண்டியது 40,000 யூனிட். செல்லிலிருந்து கம்பிக்குப் போகும் வழியில் இன்வெர்ட்டரிலும் டிரான்ஸ்ஃபார்மரிலும் ஐந்து சதவீதம் போகும். செல்லை முழுக்க வழித்து எடுக்காமல் ஐந்து சதவீதம் விட்டுவைப்போம். ஆக 44,300 யூனிட் பிடிக்கும் செல்கள் வேண்டும், அதாவது ஒன்பது கன்டெய்னர். ஆனால் பதினைந்தாவது வருஷம் கொள்ளளவு 70 சதவீதமாகக் குறைந்திருக்கும் என்றால், அன்றும் 40,000 யூனிட் தர ஆரம்பத்திலேயே 63,000 யூனிட் வைத்திருக்க வேண்டும். பதின்மூன்று கன்டெய்னர். ஒன்பதுக்கும் பதின்மூன்றுக்கும் நடுவில் இருக்கும் பணம்தான் செல்லின் தரம். அன்றைக்கும் கொள்ளளவு 80 சதவீதத்தில் நிற்கும் செல் கிடைத்தால் பன்னிரண்டு போதும். முதலில் ஒன்பது அல்லது பத்தை வைத்து, குறையக் குறையச் சேர்த்துக்கொண்டே போவதும் ஒரு வழி. கடந்த பல வருஷங்களில் செல் விலை பெரிதும் இறங்கி வந்திருப்பதால் பலர் அந்த வழியில் போகிறார்கள். அதற்கு இடத்தையும் கேபிள் வழியையும் முதல் நாளே ஒதுக்கி வைக்க வேண்டும். பழைய செல்லையும் புது செல்லையும் ஒரே வரிசையில் கலக்கவும் கூடாது, அது அண்ணாச்சியின் ஒன்பதாவது செல் கதையை நாமே விலை கொடுத்து வாங்குவது.

இப்போது நம் ஊர்க் காற்றுக்கு வருகிறேன். இங்கே வேலூர் வெயில் கிடையாது, இரண்டு பருவமழையும் வந்து நனைத்துவிட்டுப் போகிறது. அதனால் பேட்டரிக்கு நல்ல ஊர் என்று நினைக்கலாம். வெப்பத்தைப் பொறுத்தவரை ஓரளவு உண்மை. ஆனால் ஈரமும் உப்பும் இருக்கின்றன. முட்டம், குளச்சல், தேங்காப்பட்டணம் கரையோரங்களில் ஜன்னல் கம்பி எவ்வளவு சீக்கிரம் துருப்பிடிக்கிறது என்று அங்கே வீடு கட்டியவர்களைக் கேட்டால் தெரியும். பெரிய கன்டெய்னர்களில் செல்களுக்கு அடியில் குளிர்ந்த திரவம் ஓடும் தகடு இருக்கும். அதன் வெப்பம் 20 டிகிரிப் பக்கம். நம் கடலோரக் காற்றிலோ 24, 25 டிகிரிக்குக் குளிர்ந்தாலே பனித்துளி கட்டும் அளவு ஈரம் இருக்கும். அப்போ பெட்டியின் கதவை ஒரு ஆடி மத்தியானம் பராமரிப்புக்குத் திறந்து வைத்தால் என்ன ஆகும்? ஐஸ் தண்ணீர் டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல, 1,300 வோல்ட் ஓடும் இடத்தில் தகடு வியர்க்கும்.

இது வெறும் பயம் அல்ல. தென் கொரியாவில் 2017 ஆகஸ்டிலிருந்து 2019 நடுப்பகுதிக்குள் 23 சேமிப்பு நிலையங்களில் தீப்பிடித்தது. அரசு அமைத்த குழு விசாரித்து, மின்சாரப் பாதுகாப்புக் குறைபாடு, கவனமில்லாத நிறுவல், கட்டுப்பாட்டு அமைப்புகளுக்குள் ஒருங்கிணைப்பு இல்லாமை ஆகியவற்றோடு, பனித்துளியும் தூசியும் சேரும் சூழலைக் கவனிக்காமல் விட்டதையும் காரணமாகச் சொன்னது. மலையடிவாரங்களிலும் கடலோரங்களிலும் இருந்த நிலையங்கள் அவற்றில் பல. ஆரல்வாய்மொழி மலையடிவாரம், கடலும் தொலைவில் இல்லை, காற்றோடு மண் தூசியும் வரும். ஆகவே இங்கே செல் தேர்வு என்றால் அது இருக்கும் பெட்டியையும் சேர்த்த தேர்வுதான். ஈரம் உறிஞ்சும் கருவி பெட்டிக்குள் இருக்கிறதா, வெளிப்பூச்சு கடலோரத்துக்கான சி5 தரமா, ரப்பர் சீல்களை எத்தனை வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும், செல் முனைகளின் வெல்டிங் உப்புக் காற்றைத் தாங்குமா என்று கேட்க வேண்டும். 2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் அடித்தபோது நம் மாவட்டத்தில் மின்கம்பங்கள் சாய்ந்து பல நாள் கரண்ட் இல்லாமல் இருந்தோம். அப்படி ஒரு வாரம் கம்பி இணைப்பே இல்லாமல் போனால், குளிரூட்டியும் பிஎம்எஸும் எதில் ஓடும் என்பதையும் இன்றே கேட்டு வைக்க வேண்டும்.

எல்எஃப்பியில் இன்னொரு குணம் உண்டு, கற்றுக்கொள்பவர்கள் தடுமாறும் இடம் அது. ஈய அமில பேட்டரியில் வோல்ட்டேஜைப் பார்த்தே எவ்வளவு மிச்சம் என்று ஓரளவு சொல்லிவிடலாம். எல்எஃப்பியில் 20 சதவீதத்திலிருந்து 90 சதவீதம் வரைக்கும் வோல்ட்டேஜ் ஏறத்தாழ ஒரே மட்டத்தில் நிற்கும். சுசீந்திரம் குளம் மாதிரி பரந்து கிடக்கும் நீர்ப்பரப்பில் ஓர் அங்குலம் குறைந்தால் கரையில் நிற்பவருக்குத் தெரியாது, ஆனால் போன தண்ணீர் ஏராளம். அப்படித்தான் இதுவும். அதனால் திரையில் தெரியும் 40 சதவீதம் என்பது பிஎம்எஸ் போட்ட வரவு செலவுக் கணக்கு. அவ்வப்போது முழுக்க நிரப்பினால்தான் அந்தக் கணக்கு நேராகும். அண்ணாச்சி கடைசியாக எப்போது முழுக்க நிரப்பினார் என்று கேட்டேன், நினைவில்லை என்றார். மழைக்காலம் முழுவதும் அரைகுறையாகவே ஓடியிருக்கிறது.

அவர் செல்களைக் கழற்றிப் பார்த்ததில் இன்னொன்றும் தெரிந்தது. ஒன்பதாவது செல்லின் தலையில் இருக்கும் க்யூஆர் குறியைச் சுரண்டிவிட்டு மேலே புதிதாகப் பொறித்திருந்தார்கள். உள்தடையை அளந்தால் மற்ற செல்களைவிடக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. தொழிற்சாலையில் செல்களைச் செய்து முடித்ததும் ஒவ்வொன்றையும் அளந்து தரம் பிரிப்பார்கள். கொள்ளளவு, உள்தடை, சும்மா வைத்தால் தானாக எவ்வளவு இறங்குகிறது என்ற மூன்றும் நெருங்கி இருக்கும் செல்கள் ஏ தரம், ஒரே கூட்டமாகப் போகும். தள்ளுபடியானவை வேறு கைகள் மாறிச் சந்தைக்கு வரும். தள்ளுபடி செல்லை டார்ச் லைட்டுக்குப் போட்டால் ஒன்றும் ஆகாது. 416 செல் வரிசையில் ஒன்று புகுந்தால் மற்ற 415க்கும் அதுதான் அளவுகோல். அதனால் பெரிய நிலையத்துக்கு வாங்கும்போது, ஒரே தொழிற்சாலையில் ஒரே காலகட்டத்தில் செய்தவையா, ஒவ்வொரு செல்லின் வரிசை எண்ணுக்கும் எதிரே அந்த மூன்று அளவுகளும் எழுதிய கோப்பு வருமா என்று ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்க வேண்டும். இந்தியாவிலேயே செல் செய்ய 2021இல் 18,100 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவித்தார்கள். ஆனாலும் இன்றைக்கு வரும் செல்களில் பெரும்பகுதி சீனாவிலிருந்துதான் கப்பல் ஏறுகிறது. கெட்டதைத் திருப்பி அனுப்புவது நினைத்தவுடன் நடக்கிற காரியம் அல்ல.

கடைசியாக ஒன்று, பலர் தவறவிடுவது. செல்லின் உத்தரவாதக் காலம் எந்த நாளிலிருந்து தொடங்குகிறது? தொழிற்சாலையை விட்டுக் கிளம்பிய நாளா, தூத்துக்குடித் துறைமுகத்தில் இறங்கிய நாளா, நிலையம் ஓடத் தொடங்கிய நாளா? கம்பி இணைப்பு அனுமதி தாமதமாகி, பெட்டிகள் சித்திரை வைகாசி வெயிலில் மைதானத்தில் ஆறு மாதம் நின்றால், அந்தத் தேய்மானம் யார் கணக்கில்? அதனால் பெட்டிகள் வந்து இறங்கிய அன்றே, கப்பலில் ஏற்றும்போது இருந்த சார்ஜ் அளவோடு ஒப்பிட்டு, ஒவ்வொரு வரிசையிலும் செல் வோல்ட்டேஜ்களை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சில பெட்டிகளில் உள்தடையையும் அளந்து பாருங்கள். நிற்கும் காலத்தில் மாதத்துக்கு ஒருமுறை மறுபடி அளக்க வேண்டும். மற்றவை அசையாமல் இருக்கும்போது ஒரே ஒரு செல் மட்டும் மெல்ல இறங்கிக்கொண்டே வந்தால், அந்தப் பெட்டியை இணைப்பதற்கு முன்பே விற்றவருக்கு எழுத்தில் தெரிவியுங்கள். அண்ணாச்சிக்கு ஒன்பதாவது செல்லை, மற்றவற்றோடு அளவு ஒத்துப்போகும் செல்லாகப் பார்த்து மாற்றிக்கொடுக்கும்போது மற்ற பதினைந்தின் அளவுகளையும் ஒரு நோட்டில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்தேன். மாதாமாதம் ஒன்றாம் தேதி அவர் மகள் மல்டிமீட்டரை வைத்து அடுத்த வரியை எழுதுகிறாள்.